சுவர் விஷயமாக அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, காயத்ரி, குழந்தை எல்லோரும் நலம்தானே? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் யாரும் யாரையும் குறுக்கே மறிக்க முடியாது.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போடுவது என் வேலை. இதையெல்லாம் விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கண்கட்டை அவிழ்த்த பிறகு அவள் முதலில் கேட்டது காயத்ரி அனுப்பிய, உன் புது அலுவலகச் சுவரின் அந்தப் படத்தைத்தான். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அந்தப் பையன் நீலத்திலும் சிவப்பிலும் தன் பெயரையே ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறான். கடைசி எழுத்தின் வால் மீட்டர் பெட்டியைச் சுற்றி வளைந்து ஷட்டர் வரைக்கும் போகிறது. உன் பெயர்ப்பலகையை ஒட்டி வந்து, அதன் மேல் ஒரு துளி படாமல் விலகியிருக்கிறது. அதைக் கவனித்தாயா? இதனால் அவன் செய்தது சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கவனித்தாயா என்று மட்டும் கேட்கிறேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. கல் பதித்த சுவர். ஸ்பிரே பெயின்ட் கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிட்டால் லேசில் வராது. கெமிக்கல் போட்டு, ஊறவிட்டு, கழுவி, மறுபடி போட்டாலும் நிழல் போல ஒரு கறை நிற்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் கல்லே போய்விடும். என்னிடமோ மாமாவிடமோ ஒரு ரூபாய் கேட்காமல், நீயாகக் கடன் வாங்கி, நீயாக நின்று கட்டிய அலுவலகம் அது. திறப்பதற்கு முந்தின வாரம் அப்படிப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். போலீசில் புகார் கொடுத்தது சரி. அதில் எனக்கு வேறு கருத்து கிடையாது.

வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உன் சுவர், உன் புகார், உன் முடிவு. ஆனால் அன்றைக்கு போனை வைப்பதற்கு முன் நீ ஒன்று சொன்னாய். "ரெண்டு வருஷம் உள்ள கெடந்தாத்தான் புத்தி வரும்." அது மட்டும் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

ரிட்டயர் ஆகும் வரை கோர்ட்டில் நான் செய்த வேலை உனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. சிறை வாரண்டு எழுதுவதும் அதில் ஒரு பகுதி. பெயர், தகப்பனார் பெயர், வயது, பிரிவு, எத்தனை நாள், அங்க அடையாளம் இரண்டு. அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது ஆளை நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் தாங்களாகவே சட்டைக் கையைச் சுருட்டி மச்சத்தைக் காட்டுவார்கள். ஒருவன் முழங்கைத் தழும்பைக் காட்டி, "இது சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது சார், இது போதுமா?" என்று கேட்டான். வெளியே வராந்தாவில் அவன் அம்மா, பல் தேய்க்க பிரஷ் கொடுத்தனுப்பலாமா என்று போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே பையன்களை அடுத்தடுத்த வாய்தாக்களிலும் பார்ப்பேன். முதல் வாய்தாவில் வேனை விட்டு இறங்கும்போதே கண் அம்மாவைத் தேடும். அப்புறம் அது குறையும். எந்த வக்கீல் எப்படி, எந்த போலீஸ்காரர் எப்படி என்று பெரிய மனுஷன் மாதிரி பேச ஆரம்பிப்பான். மோட்டார் வைத்திருந்த அறைப் பூட்டை உடைத்தவன் ஒருவன், மூன்று மாதம் கழித்து வந்தபோது, எந்த மாதிரி பூட்டு எப்படித் திறக்கும் என்று பக்கத்தில் இருந்தவனுக்கு வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே போகும்போது அவனுக்கு அது தெரியாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். கொலை வழக்குக்காரனும் கோழி திருடியவனும் அதில் அடக்கம். புத்தி வரும் என்கிறாயே, யாரிடமிருந்து என்று யோசித்தாயா?

சரியாகச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. நீ இரவு ஒரு மணிக்கு வாட்சப்பில் இருப்பது எனக்குத் தெரிகிறது.

சிங்கப்பூரைப் பார் என்றாய். பார்த்தேன். 1966இலேயே சட்டம் போட்டார்கள். சுவரைக் கெடுத்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு. 1994இல் கார்கள் மேல் ஸ்பிரே அடித்த 18 வயது அமெரிக்கப் பையனுக்கு நான்கு மாதச் சிறையும் ஆறு பிரம்படியும் விதித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளிண்டனே கேட்டுக்கொண்ட பிறகு அடியை நான்காகக் குறைத்தார்கள். உலகம் முழுக்கப் பேசினார்கள். அதற்கு அப்புறமும் 2010இல் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் ரயில் பணிமனைக்குள் புகுந்து ரயிலில் படம் போட்டார். 2015இல் அதே மாதிரி வேலைக்காக இரண்டு ஜெர்மானிய இளைஞர்களுக்கு ஒன்பது மாதமும் மூன்று பிரம்படியும் கிடைத்தது. பிரம்படியைப் பற்றித் தெரியாமலா அவர்கள் போனார்கள்? அகப்படமாட்டோம் என்று நினைத்துப் போனார்கள். அந்த வயதில் தண்டனை எத்தனை மாதம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாட்டுவோமா மாட்டமாட்டோமா, அது ஒன்றுதான் கணக்கு.

நியூயார்க்கில் நடந்ததை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 1970களில் அங்கே சுரங்க ரயிலில் கிறுக்கல் இல்லாத பெட்டியே கிடையாது. வேலி போட்டார்கள், நாய் விட்டார்கள், பிடித்துக் கேஸ் போட்டார்கள். ஒன்றும் பெரிதாக எடுபடவில்லை. 1984இல் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு பெட்டியைச் சுத்தம் செய்து ஓட்டத்துக்கு விட்டபின் அதில் மறுபடி கிறுக்கினால், அழிக்காமல் அந்தப் பெட்டி வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியவனுக்குத் தன் பெயர் ஊர் முழுக்க ஓடுவதைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அவன் எழுதுவதே. அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1989 மே மாதம் கிறுக்கல் உள்ள கடைசி ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷம் விடாமல் கழுவினார்கள், செந்தில். உன் சுவரையும் முதலில் கழுவு. வழக்கு முடியட்டும் என்று அப்படியே வைத்திருப்பதாக காயத்ரி சொன்னாள். போட்டோ எடுத்தாயிற்று, போலீஸ் இடத்தைப் பார்த்து மகஜர் எழுதியாயிற்று. இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கழுவிவிடு. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதானே உள்ளே போகிறாய்.

கடுமை காட்டினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு கலிபோர்னியா இருக்கிறது. அங்கே 1994இல் மூன்றாவது குற்றம் என்றால் ஆயுள் வரை உள்ளே என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே திருட்டு வழக்குகள் இருந்த அண்ட்ராடே என்பவர் 1995இல் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ டேப்புகள் திருடினார். குழந்தைகள் பார்க்கும் படங்கள். மொத்த மதிப்பு 153 டாலர் 54 சென்ட். தண்டனை குறைந்தபட்சம் 50 ஆண்டு. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லும் என்றது. அப்புறம் 2012இல் அந்த மக்களே ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

நம் சட்டமும் பெரிய யோக்கியம் இல்லை. 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில், 50 ரூபாய் நஷ்டம் ஏற்படுத்தினாலே இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வரும் வரை அந்த 50 ரூபாய் அப்படியே கிடந்தது. இப்போது 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் நஷ்டம் என்றால் இரண்டு ஆண்டு வரை. நீ சொன்ன இரண்டு வருஷம் அதுதான், வக்கீல் சொல்லியிருப்பார். அதே புதுச் சட்டத்தில் சமூக சேவையையும் ஒரு தண்டனையாக முதல் முறையாகச் சேர்த்திருக்கிறார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, அவதூறு என்று சிலவற்றுக்கு மட்டும்தான். சுவரைக் கெடுத்தது அந்தப் பட்டியலில் இல்லை. இதை விடப் பொருத்தமான குற்றம் எது இருக்கிறது? கெடுத்தவன் கையாலேயே கழுவ வைக்க முடிகிற ஒரே குற்றம் இது. அதை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ரொம்ப ஆதங்கம்.

ஆனால் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுகிற 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. உன் வக்கீல் இதைச் சொன்னாரா? 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்பாதே, அனுப்பியே தீரவேண்டும் என்றால் காரணத்தை எழுதி வை என்று அதன் 6ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 5ஆவது பிரிவில் உனக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். 12ஆவது பிரிவின்படி அப்படி விடப்பட்டவனுக்கு அந்தத் தண்டனையால் வேலைக்கோ வேறெதற்கோ தகுதிக் குறைவு வராது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அதிகம் தூசி படிந்து கிடந்த சட்டப் புத்தகம் அதுதான். யாரும் கேட்கமாட்டார்கள். வக்கீல் கேட்டால்தானே நீதிபதி பார்ப்பார்.

மாமா பையன் ரவி விஷயத்தைக் கொண்டு வராதே என்று சொன்னாய். கொண்டு வரவில்லை. ரவி கைதான அந்தப் பத்து நாளில் மாமா எப்படி ஆனார் என்பதும் உனக்குத் தெரியும், அதையும் எழுதவில்லை. போன மாதம் ரவி ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்தான். கம்பெனி படிவம், நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?" என்று ஒரு கட்டம். அதுவரை கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தவன் அங்கே பேனாவை வைத்துவிட்டான். "மாமா, இதுக்கு என்ன எழுதறது?" என்றான். இத்தனை வருஷம் கழித்தும். அவன் செய்தது என்ன, உனக்கே தெரியும், அன்றைக்கு நீயும்தான் கூட இருந்தாய், பஸ் பிடிக்க முன்னாலேயே கிளம்பிவிட்டாய். சரி, விடு. எழுதக் கூடாது என்று நினைத்ததை எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவும் மனமில்லை.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அடிபட்ட நாயைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்த பிள்ளை நீ. அந்தப் பிள்ளை வாயிலிருந்து, ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு வருஷம் உள்ளே கிடக்கட்டும் என்று வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தொழிலில் நாலு பேரைச் சமாளிக்கக் கடுமை வேண்டும்தான், எனக்கும் தெரியும். சுவருக்கு ஆன செலவை வாங்கு. ஒரு பைசா விடாதே. அவன் கையில் பிரஷைக் கொடுத்து, உன் கண் முன்னால் நின்று தேய்க்கச் சொல். அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. அதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு?

ராஜியாகப் போ என்று நான் எழுதவில்லை. நீ கேட்டால் ஒழிய எழுதவும் மாட்டேன்.

அடுத்த வாய்தா என்றைக்கு என்று சொல். நான் கோர்ட்டுக்கு வந்து நிற்கமாட்டேன், பயப்படாதே. சரியாகச் சாப்பிடு. தூங்கு. அம்மாவுக்கு இனி ஒரு மாதம் குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் உனக்கு போன் செய்வாள். என் போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை எடு.

அன்புடன்,
அப்பா

பி.கு: நஷ்டம் உனக்கு மட்டும்தான், அரசுச் சொத்து எதுவும் சேதமாகவில்லை என்பதால் இந்தப் பிரிவில் ராஜிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மனுவில் நீயும் அவனும் கையெழுத்துப் போட வேண்டும், உன் வக்கீலே எழுதித் தருவார். செலவை முழுசாக வாங்கிக்கொண்ட பிறகு போட்டால் போதும். நீதிபதி பதிவு செய்துவிட்டால் அவன் விடுதலை ஆனதாகவே கணக்கு. நீ எப்போதாவது கேட்டால் சொல்வதற்காக எழுதி வைத்தேன்.