மருந்து அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டினை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்குக் காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் வேலை. தொண்டை வலி, காய்ச்சல் என்றார். கடைக்காரர் சீட்டெல்லாம் கேட்கவில்லை, அட்டையைக் கத்திரியால் வெட்டி செஃபிக்சிம் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டைக் கையில் கொடுத்துவிட்டார். இது மருந்து விதிகளில் 'எச்1' என்ற கட்டுப்பாட்டு அட்டவணையில் உள்ள மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும், யார் எழுதினார், யாருக்கு, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள விதி. அட்டையில் சிவப்புக் கோடு போடுவதும் இதற்காகத்தான்.

வாங்கியவரைத் திட்ட மனம் வரவில்லை. அரை நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. ஆனால் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சிப் பெருகும், அப்புறம் அவை வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. இத்தனைக்கும் 2012இலேயே இதைத் தடுப்பதற்காக மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' போட்டது நம் ஊரில்தான்!

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வடசென்னைக் கடைகளில் திடீரென்று நுழைந்து அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கட்டும். மாலை வேலை முடிந்து வருகிறவர்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு ஒன்பது மணி வரை டாக்டர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை