மேரி வாரன் வேஷம் பற்றி சுமதிக்கு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை.

சேலம் ஊர்ச் சூனிய விசாரணையை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' நாடகத்தில், ஊரார் மேல் சூனியப் பழி போடும் பெண்களின் தலைவி அபிகேல் வேஷம் கைநழுவிப் போய், அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான வேலைக்காரி மேரி வாரன் உன் தலையில் விழுந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். முதலில் அதற்கு ஒரு சண்டை. அபிகேல் ஒரே திசையில் போகிறவள், அவளுக்குத் தடுமாற்றமே கிடையாது. மேரி இரண்டு தடவை கட்சி மாறுகிறாள்: முதலில் அந்தப் பெண்கள் நடிக்கிறார்கள் என்று சொல்ல எஜமானர் ப்ராக்டரோடு கோர்ட்டுக்கு வருகிறாள், பிறகு மறுபடி அவர்களோடே சேர்ந்துகொள்கிறாள். இரண்டாவது தடவை மூன்றாம் அங்கத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், பெரிய வசனம் எதுவும் கையில் இல்லாமல் மாற வேண்டும். அது நம்பும்படி அமையாவிட்டால் ப்ராக்டர் கைதாவதும் நான்காம் அங்கமும் காற்றில் நிற்கும்.

மேரியைப் பயந்தாங்கொள்ளியாகவோ பொய்க்காரியாகவோ பிடிப்பதுதான் வழக்கமான தப்பு. அவள் அந்தந்த நிமிஷத்தில் சொல்வதை நம்புகிறவள். கூட்டம் பக்கத்தில் இருந்தால் அவள் உடம்புக்கு நிஜமாகவே குளிர் தெரிகிறது, கூட்டம் விலகினால் தெரிவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். நிஜ மேரி வாரனுக்குச் சுமார் 20 வயது, ப்ராக்டர் வீட்டு வேலைக்காரி. ராட்டையில் உட்கார வைத்து, அடிப்பேன் என்று அவர் மிரட்டியதும், சூனியத்தால் வந்ததாகச் சொன்ன வலிப்பு அவளுக்கு நின்றது. பிறகு மற்றப் பெண்கள் நடிக்கிறார்கள் என்று வாய்விட்டாள். உடனே அவர்கள் இவளையே சூனியக்காரி என்றார்கள். ஏப்ரலில் கைதாகி, விசாரணையில் நிற்கும்போதே வலிப்பு திரும்ப வந்தது. அப்புறம் மறுபடி குற்றம் சாட்டுகிறவளாகிவிட்டாள். ஆர்தர் மில்லர் நிறைய மாற்றியிருக்கிறார். நிஜத்தில் ப்ராக்டருக்கு அறுபது வயது, அபிகேல் பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி, அவர்களுக்குள் தொடர்பு என்பது மில்லருடைய கற்பனை. மேரியின் தடுமாற்றத்துக்கோ ஆவணமே இருக்கிறது. அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்த 1953-இல் மேடையேறிய நாடகம் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் பெயரைச் சொன்னால் தப்பிக்கலாம் என்ற நெருக்கடி என்னவென்று அன்றைய பார்வையாளர்களுக்குத் தெரியும்.

இனி இரண்டாம் அங்கம். நாள் முழுக்கக் கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நுழையும்போதே உடம்பில் களைப்பு தெரிய வேண்டும், ஆனால் அடியில் ஒரு பெருமிதமும் ஓட வேண்டும். முதல்முறையாக ஊர்ப் பெரிய மனிதர்கள் இவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா? சூனியக்காரி என்று கோர்ட்டில் நிறுத்தப்பட்ட சாரா குட் என்பவள் முணுமுணுத்ததைச் சொல்லும் இடத்தில் அவசரப்படாதே. தொடங்கும்போது சாதாரண வம்புப் பேச்சு. முதுகில் குளிர் ஏறுகிறது என்று வரும்போதுதான் நினைவு அவளைப் பிடிக்கிறது. வார்த்தை முதலில், கை பிறகு: கழுத்தைப் பற்றிச் சொல்லி முடித்த பின்தான் கை கழுத்துக்குப் போகலாம். கை முந்தினால் பார்க்கிறவர்களுக்கு நடிப்பு தெரிந்துவிடும். இன்னொன்று கவனித்தாயா? முதல் அங்கத்தில் மில்லர் அவளுக்குக் கொடுக்கும் வயது 17. இரண்டாம் அங்கத்தில் தனக்குப் பதினெட்டு என்று அவளே ப்ராக்டரிடம் எகிறுகிறாள். நீ அதை ஒரு வயது கூட்டிச் சொல்கிற பெண்ணின் வீறாப்பாக எடுத்துக்கொள், அழகாக இருக்கும்.

பொம்மை விஷயத்தை ஆரம்பத்திலேயே பார்த்துவிடு. ப்ராக்டர் மனைவி எலிசபெத்துக்கு மேரி கொடுக்கும் துணிப் பொம்மையின் வயிற்றில்தான், கைது செய்ய வரும் கோர்ட் ஆள் சீவர் ஊசியைக் கண்டுபிடிப்பார். சாதாரணத் தையல் ஊசி மூன்றாவது வரிசைக்கே தெரியாது. கோணி ஊசி வாங்கி முனையை மழுங்க ராவிவிடு. பஞ்சு மட்டும் அடைத்தால் ஊசி நழுவி விழும், சீவர் தரையில் தேடிக்கொண்டிருப்பார். வயிற்றுக்குள் ஒரு தக்கைத் துண்டை வைத்துத் தைத்தால் குத்திய இடத்தில் நிற்கும். அதே மாதிரி இன்னொரு பொம்மையும் பக்கத் திரைக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும்.

மூன்றாம் அங்கத்தில் முதல் கண்டம் மயக்கம் போடும் இடம். முன்பு மயங்கியது நடிப்பு என்றால் இப்போது மயங்கிக் காட்டு என்கிறார்கள் கோர்ட்டில், அவளால் முடிவதில்லை. இங்கே முடியாதது போல நடிக்காதே, நிஜமாகவே முயன்று பார். கண்ணை மூடு, தாடையைத் தளர்த்து, முழங்காலை விடு, காத்திரு. மூன்று நான்கு விநாடி மௌனத்தைத் தாங்கு. மூச்சை மட்டும் அடக்காதே. ஒன்றும் வராது, முகத்தில் வரும் திகைப்பு தானாக வரும். அபிகேல் கூட்டம் அலறவில்லை, அதனால் இவள் உடம்பு அசையவில்லை என்பது பார்க்கிறவர்களுக்குப் பதிய வேண்டியது இங்கேதான்.

அடுத்தது பறவை: மேரியின் ஆவி பறவையாக வந்து மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அபிகேல் அலறும் இடம். மற்றப் பெண்கள் மேரி பேசுவதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும் இடம் பாதி நாடகக் குழுக்களில் வெறும் கூச்சலாக முடிகிறது. காரணம் பெரும்பாலும் மேரிதான். அவள் ஒவ்வொரு நாளும் வேறு ராகத்தில் பேசினால் அவர்களால் ஒரே குரலில் பிடிக்க முடியாது. வரியின் ஏற்ற இறக்கத்தை இப்போதே முடிவு செய்து மாற்றாமல் வைத்துக்கொள். கடைசிச் சொல்லை விழுங்காதே. அவர்கள் எல்லோரும் அபிகேல் மூச்சு இழுப்பதைப் பார்த்து ஒன்றாகத் தொடங்கட்டும். சத்தத்தை ஐந்து படியாகப் பிரித்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கு. மூன்றில் தொடங்கினால் போக இடமிருக்காது, பார்க்கிறவர்களுக்கும் காது மரத்துப்போகும்.

பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் ஒரே புள்ளியாக முடிவு செய்யச் சொல். பார்வையாளர் தலைக்கு மேலே, கொஞ்சம் பக்கவாட்டில், விளக்குகள் தொங்கும் லைட் பாரில் ஒரு வெள்ளை டேப் ஒட்டினால் போதும். புள்ளி மேடைக்குப் பின்பக்கம் இருந்தால் சபைக்குப் பின்தலைதான் தெரியும். எல்லோரும் மேலே பார்க்கும்போது நீ அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிரு. உன் கண் முதன்முதலாக அந்த டேப்பைத் தொடும் கணம்தான் கட்சி மாறும் கணம். அலறல் அதற்குப் பிறகு வருவது. அந்தப் பார்வையை எந்த வரியில் வைப்பது என்று டைரக்டரோடு உட்கார்ந்து குறித்துக்கொள், தினம் ஒரு இடத்தில் போடாதே.

அலறலில் நீயும் சேர்ந்துகொள்வாய், மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள், கடைசியில் நீ மட்டும் மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருப்பாய். அது ஒரே மூச்சில் ஆகிற காரியம் இல்லை. இரண்டு மூன்று மூச்சாகப் பிரித்து, எங்கே இழுப்பது என்று குறித்துக்கொள். அடிவயிற்றிலிருந்து தள்ளு, வாய் 'ஆ'வென்று அகலட்டும். தொண்டையில் அரிப்போ கரகரப்போ தெரிந்தால் இறுக்கிக் கத்துகிறாய் என்று அர்த்தம். ஒத்திகைகளில் முழு அலறல் வேண்டாம், அடையாளத்துக்குக் காட்டினால் போதும். மேல்மூச்சு வாங்குவதிலும் ஜாக்கிரதை. நிஜமாகவே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துத் தலை சுற்றும், அடுத்த வரி மறந்துபோகும். தோளும் சத்தமும் வேகத்தைக் காட்டட்டும், உள்ளே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

பாவாடை விளிம்பு கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் ஓடும்போது நீயே மிதிப்பாய். உள்ளே முழங்கால் பட்டை போட்டுக்கொள். ப்ராக்டர் உன்னை இரண்டாம் அங்கத்தில் பிடித்து இழுப்பார், சாட்டையோடும் வருவார். மூன்றில் நீ அவர் கைக்கு அகப்படாமல் ஓட வேண்டும். எங்கே பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, நிறுத்தச் சொல்ல என்ன சைகை என்பதையெல்லாம் முதல் வாரமே அவரோடு பேசி மெதுவேகத்தில் பழகிக்கொள். மேடையேறிய பிறகு அவர் புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடு.

தேதி முடிவானதும் எழுது. சனிக்கிழமையாக இருந்தால் ராஜியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பூங்கோதை