மேகமில்லாத ஊரிலிருந்து அப்பாவுக்கு

பீனிக்ஸ், அரிசோனா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? “பைலட் லைசென்ஸ்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பணம்?” என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளியே கண்ணுக்குத் தெரிகிற வானிலையில்தான் பறக்கலாம். மேகத்துக்குள் போகக் கூடாது. ஜூலை மாத மும்பையில் அந்த லைசென்ஸை வைத்து என்ன செய்வது? எந்த ஏர்லைன்ஸும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாதவளை எடுக்காது. வெளியே பார்க்காமல், முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான அனுமதி அது.

வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம், கைரேகை எல்லாம் முடிந்தது. எழுத்துத் தேர்வும் ஆயிற்று. 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். அதைவிடப் பெரியது பறக்கும் கணக்கு. கருவிப் பயிற்சி மட்டும் 40 மணி நேரம் வேண்டும். அதில் 20 மணி வரை அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் செய்ய விடுகிறார்கள். வாடகை அங்கே குறைவு, நான் அதை விடவில்லை.

இந்த ஊரில் மேகமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. கோடையில் 45 டிகிரி. சூடான காற்று அடர்த்தி குறைவாக இருக்கும், விமானம் ஏறத் திணறும். அதனால் விடிவதற்கு முன்பே போய்விடுகிறோம். குளிர்காலத்தில் வருகிற மேகத்தில் இறக்கையில் பனி பிடித்துக்கொள்ளும், சின்ன விமானத்துக்கு அது ஆபத்து. ஆகவே ஹூட் என்று ஒன்றைத் தலையில் மாட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஜன்னலை மறைத்துவிடும். பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் வெளியே பார்த்துக்கொள்வார்.

அப்போதுதான் தெரிகிறது, உடம்பு எவ்வளவு பொய் சொல்லும் என்று. விமானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் காதுக்குள் இருக்கும் திரவம் கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிவிடுகிறது. நேராகப் போவதாகவே தோன்றும். நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக உடம்பு அலறும். அதை நம்பி மறுபடி சாய்த்தால் சுழன்று கீழே போக வேண்டியதுதான். கருவி நேர் என்றால் நேர். சொல்வது சுலபம், முதுகு வியர்த்துவிடும்.

நம் காட்கோபர் மொட்டை மாடிக்கு மேலே மழை நாளில் விமானங்கள் தாழ வருமே, சிலது திடீரென்று இரைந்துகொண்டு மறுபடி மேலே ஏறும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் “என்னமோ ரிப்பேர்” என்பீர்கள். பெரும்பாலும் ரிப்பேர் இல்லை அப்பா. ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு 3 டிகிரி சரிவில், ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி வீதம், இறங்கி வருவார்கள். ஐஎல்எஸ் என்று இந்த ரேடியோ வழிகாட்டலுக்குப் பெயர். சாதாரண ஐஎல்எஸ் என்றால் தரைக்கு 200 அடி மேலே வரும்போது பாதையோ அதன் விளக்குகளோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யோசனையே கிடையாது, மேலே ஏறிவிட வேண்டும். என்னை இங்கே அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். இறங்குவதைவிட ஏறிப் போவதற்கு அதிகப் பயிற்சி!

தாத்தா பிட்மன் சுருக்கெழுத்தை நம்பி பம்பாய்க்கு ரயிலேறினார் அல்லவா, இப்போது எனக்கும் அதே பிழைப்பு. எங்கே போக வேண்டும், எந்த வழி, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, என்ன கோட் எண் என்று விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலர் ரேடியோவில் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். தொடையில் கட்டிய அட்டையில் கிறுக்கிக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உச்சரிப்பு ஆரம்பத்தில் படுத்தியது. இப்போது பரவாயில்லை.

விதிப்படி ஒரு நீண்ட பயணம் உண்டு. குறைந்தது 250 கடல் மைல், போகிற ஒவ்வொரு விமான நிலையத்திலும் கருவி பார்த்து ஒரு அப்ரோச், அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது, மொத்தத்தில் மூன்று வகை. அதற்காகக் கலிபோர்னியா கடலோரம் போனோம். அங்கே காலையில் கடல் மேகம் தாழ்வாகப் படர்ந்திருக்கும். ஹூட் இல்லாமல் நிஜமான மேகத்துக்குள் போனது அங்கேதான். ஜன்னல் முழுக்க வெள்ளை, இறக்கை நுனிகூடத் தெரியவில்லை. பயமாக இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் கை வேலையை விடவில்லை. கீழே இறங்கி மேகம் விலகியதும் ஓடுபாதை நேர் எதிரே இருந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாராட்டுவது அப்படித்தான்.

இனி செக் ரைடு மட்டும் பாக்கி. முதலில் வாய்மொழிக் கேள்விகள், அப்புறம் பறந்து காட்ட வேண்டும். அடுத்த வியாழக்கிழமை காலை, உங்களுக்கு அப்போது இரவு. நமக்கும் இங்கேயும் பன்னிரண்டரை மணி நேரம். அன்றைக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். வங்கிக் கடனின் அடுத்த தவணைக்கான தாளை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல்லுங்கள், மூன்று தடவை கேட்டாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் பாப்பா