செடி பார்க்கப் போன ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், பொருளாளர் ஆச்சி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வைகாசி தொடங்கி இந்தச் சித்திரை வரை, செடி வளர்க்கும் நம் சங்கம் செய்தவற்றை வாசிக்கிறேன். மாதக் கூட்டம் ஐப்பசி தவிர எல்லா மாதமும் நடந்தது. ஐப்பசியில் மழை விடவில்லை. வரவு செலவை ஆச்சி தனியே வாசிப்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது பயணங்களைப் பற்றித்தான்.

முதலில் ஊட்டி. அங்குள்ள அரசுத் தாவரவியல் பூங்கா 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் பொறுப்பில் உருவானது. இன்று 22 ஹெக்டேர். மலர்க் கண்காட்சி நாளில் போனது நம் தவறு. பூவைவிடத் தலைகள்தான் தெரிந்தன. கூட்டத்தை விட்டு மேலே ஏறியவர்களுக்கே பூங்கா கிடைத்தது. குரங்குகூட ஏறத் தயங்கும் என்று சொல்லப்படும் முள்ளிலை மரத்தையும், கல்லாகவே மாறிவிட்ட 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத் துண்டையும் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். தேவகோட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அந்தக் கல்மரத்தை விட்டு அரை மணி நேரம் நகரவில்லை. அவருக்காகப் பேருந்து காத்திருந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

திரும்பும்போது ஹைட்ராஞ்சியா, ஃபுக்சியா என்ற குளிர்ப்பிரதேசப் பூச்செடிகளை ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கினோம். அப்போது அக்னி நட்சத்திரம் முடியவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்த இரண்டும் பதினெட்டு நாள்தான் தாங்கின. விசாரித்ததில் மற்ற வீடுகளிலும் ஆடிக்குள் எல்லாம் போய்விட்டன. யாரும் தண்ணீர் விடாமல் இல்லை. பகல் வெயிலை நிழல்வலை கட்டிக் குறைத்துவிடலாம். அந்தச் செடிகள் கேட்கும் இரவுக் குளிரை எங்கிருந்து கொண்டுவருவது? நல்ல செடிகளைக் கூட்டிவந்து சாகவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மலைக்குப் போனால் பார்த்துவிட்டு வருவோம், வாங்க மாட்டோம் என்று ஆடிக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்.

வெளியிலிருந்து வந்த செடி எதுவுமே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. நம் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நம் வெயில் அதற்குப் பிடித்துப்போனது, நிலைத்துவிட்டது. ஒரு செடி பிறந்த இடத்தின் வெயிலையும் மழையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் வாங்குவோம் என்கிறேன்.

ஊட்டிப் பயணத்துக்கும் ஆடிக் கூட்டத்துக்கும் இடையில், ஆனியில், இலுப்பைக்குடிக்குப் போய் வந்தோம். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று அது. ஊர்ப் பெயரிலேயே மரம் இருக்கிறது. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பூவைப் பார்த்திருப்பார்கள்? வழியில் ஓர் ஊரணிக் கரை இலுப்பையடியில் பழம் பொறுக்கினோம். பாதி விதையை மறுநாளே பையில் ஊன்றினோம். மீதியை டப்பாவில் போட்டு மூடி வைத்து, ஆடி கடைசியில் எடுத்து ஊன்றினோம். முதல் பாதியில் பெரும்பகுதி முளைத்தது. டப்பா விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. இலுப்பை விதை காய்ந்தால் உயிர் போய்விடும் என்பதைப் படித்திருந்தும், கண்ணால் பார்த்த பிறகுதான் மனதில் பதிந்தது.

கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போன நாளில் அந்தப் பக்கத்து நர்சரி ஒன்றிலும் இறங்கினோம். கஜா புயல் 2018இல் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்ட வட்டாரம் அது. மறுபடி நட்டு வளர்த்த தோப்புகளைப் பார்க்க மனதுக்குத் தெம்பாக இருந்தது. அங்கே வாங்கிய ஒட்டு மாங்கன்றுகளில் ஒன்றில், ஒட்டுக்குக் கீழே கிளம்பிய தளிரைக் கிள்ளாமல் விட்டதால் மேல் ஒட்டு காய்ந்துவிட்டது. இப்போது வளர்வது வெறும் அடிமரம். கன்று வாங்குவோர் ஒட்டுக்குக் கீழே வருவதை உடனுக்குடன் கிள்ளுங்கள். பைக்குள் வேர் சுருண்டு கிடக்கும் பெரிய கன்றைவிடச் சின்னக் கன்றே மேல்.

மார்கழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் பிரான்மலைக்கும் ஒரே நாளில் போனோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்களுக்குக் கண்மாய்க் கரையிலேயே நன்றி சொன்னோம். பிரான்மலை, முல்லைக்குத் தேர் தந்த பாரியின் பறம்பு. நேரம் போதவில்லை, இன்னொரு முறை அதற்கென்றே போக வேண்டும். கால் வலிக்கிறவர்களுக்காக வேன் அடிவாரத்திலேயே நிற்கும்.

இந்த ஆண்டின் பெரிய பயணம் என்று நான் நினைப்பது பங்குனியில் போன கோயில்காடு. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அய்யனார் கோயில். கூட்டம் வர வேண்டாம் என்று பூசாரி கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. வெளியே கட்டாந்தரை கொதிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பச்சை இருட்டு. வீரை, உலக்கைப்பாலை, காசா. சின்னச் சின்னத் தடித்த இலைகள். மாதக்கணக்கில் மழை காணாத மண்ணில் நின்றும் இந்த மரங்கள் கோடையில் மொட்டையாவதில்லை. கிழக்குக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீளமாக இருந்த காடு, இன்று பெரும்பாலும் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு.

நம் உறுப்பினர் ஒருவரின் அப்பத்தா உடன் வந்திருந்தார்கள். காசா மரத்தின் கிளையோடு ஒட்டி நீலமாகப் பூத்திருந்ததைக் கண்டு, "இதுதாண்டா காயாம்பூ" என்றார்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லியும் அந்த நீலத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பத்தா பதினேழு மரங்களுக்குப் பெயர் சொன்னார்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்களைப் போல இன்னும் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறேன்.

பாழாகக் கிடந்த ஒரு நந்தவனத்தில் மனோரஞ்சிதம், பவளமல்லி, மகிழம், நந்தியாவட்டை நட்டிருக்கிறோம். கோடைக்குத் தண்ணீர் விட முறை போட்ட பட்டியலில் செவ்வாயும் வெள்ளியும் இன்னும் காலியாக உள்ளன. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.

வரும் ஆனியில் மறுபடி இலுப்பை விதை எடுக்கப் போகிறோம். ஈரச் சாக்கு கொண்டுவாருங்கள், டப்பா வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்