சித்தப்பா உங்களை வெறுக்கவில்லை, சித்தி

அன்புள்ள சித்திக்கு,

பொதுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, இன்னொரு வீட்டுக்கு உதவினாச் சரி" என்றீர்கள். பெயர்களை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சித்தப்பா வீட்டுக்கு வந்து, "இவ என் சம்சாரமாட்டவே இருக்கறா, ஆனா அவ இல்ல" என்று சொன்னதிலிருந்து கொழிஞ்சாம்பாறையில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று சோட்டாணிக்கரை பகவதி கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள் சிலர். இத்தனை வருஷமாக அடக்கி வைத்த வெறுப்பு இப்போது வெளியே வருகிறது என்கிறார்கள் வேறு சிலர். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இரண்டாவது பேச்சுதான். அது தவறு, சித்தி.

கோவை டாக்டர் இந்த நோய்க்குச் சொன்ன காப்கிரா என்ற பெயர் ஒரு பிரெஞ்சு மருத்துவருடையது. 1923-இல் அவரும் ரெபூல்-லஷோ என்பவரும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். கணவன், பிள்ளைகள் எல்லோரையும் மாற்றிவிட்டு அதே சாயலில் வேறு ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் நம்பினார். இதை வெகுகாலம் அடிமனதில் புதைந்த ஆசை, வெறுப்பு என்றுதான் விளக்கினார்கள். உங்கள் தெருப் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தலையில் அடிபட்டவர்களுக்கும், ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கும், சிலவகை மறதிநோய் உள்ளவர்களுக்கும் இதே நம்பிக்கை வருவதைக் கண்டபிறகு மருத்துவர்கள் மூளைக்குள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரு முகத்தைப் பார்த்ததும் மூளையில் இரண்டு காரியம் நடக்கிறது. இது இன்னார் என்று ஒரு பகுதி கண்டுகொள்கிறது. நம் ஆள் என்ற நெருக்கத்தை, அமிக்டலா உள்ளிட்ட உணர்ச்சிப் பகுதிகள் எழுப்புகின்றன. தெரிந்த முகத்தைக் கண்டால் உள்ளங்கையில் நமக்கே தெரியாத அளவு வியர்வை கூடும். அதைக் கருவியால் அளக்கலாம். 1997-இல் காப்கிரா உள்ளவர்களிடம் அளந்தபோது, தெரிந்த முகத்துக்கும் தெரியாத முகத்துக்கும் வேறுபாடே வரவில்லை. கண் அடையாளம் சொல்கிறது, உடம்பு அசையவில்லை. இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட யாரென்று சொல்லத் தெரியாது, ஆனால் அவர்களில் சிலருக்கு அந்த முகத்தைக் கண்டால் கை வியர்க்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறிவதும் நெருக்கமும் ஒன்றென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதே 1997-இல், சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவில் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார். கார் விபத்தில் தலையில் அடிபட்ட அவர், எதிரே நிற்கும் பெற்றோரைப் போலிகள் என்றார். அதே பெற்றோர் போனில் பேசினால் சந்தேகமே இல்லை. பார்வை உணர்ச்சிக்குப் போகும் வழி அறுந்திருக்கலாம், காதிலிருந்து போகும் வழி அப்படியே இருக்கலாம் என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

நீங்கள் வேலந்தாவளத்திலிருந்து போன் செய்த அன்று சித்தப்பா என்ன சொன்னார்? "எங்க போயிட்ட நீ? இங்க எவளோ உன் சேலையக் கட்டிட்டு அடுப்படியில நிக்கறா. சீக்கிரம் வா." அவர் உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், சித்தி.

பால்காரரையோ, தேங்காய் வெட்ட வருகிறவரையோ அவர் சந்தேகப்படவில்லை. அவர்கள் முகத்திடம் அவர் மூளை எதையும் எதிர்பார்த்ததில்லை. உங்கள் முகத்திடம் எதிர்பார்த்தது. அது வராதபோது, "அப்படியானால் இவள் அவளில்லை" என்று கணக்குப் போட்டுவிட்டது. இந்த நெருக்கம் அற்றுப்போன எல்லோரும் இப்படி நம்பிவிடுவதில்லை. இது நடக்கக்கூடியதா என்று நிறுத்தி யோசிக்கும் திறனும் கூடவே அடிபட வேண்டும். அதற்கு வலப்பக்க மூளையின் முன்பகுதி முக்கியம் என்கிறார்கள். சித்தப்பாவின் ஸ்கேனில் அடி தெரிவதும் அந்தப் பக்கத்தில்தான்.

அதனால் கல்யாண போட்டோவைக் காட்டி வாதாட வேண்டாம். வாதத்தில் ஜெயித்தாலும் அவருக்கு அந்த உணர்வு வராது. அறைக்குள் போகுமுன் வெளியிலிருந்தே கூப்பிடுங்கள், குரல் முதலில் போகட்டும். "உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். அப்புறம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, இந்த நோயில் சிலர் 'போலி'யை அடிக்கவும் பாய்ந்துவிடுவார்கள். அரிவாளையும் கத்தியையும் தோட்டத்துச் சாளைக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி தம்பி கூடப் படுக்கட்டும்.

நரம்பு டாக்டரோடு மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும். மாத்திரையில் குறைந்தவர்கள் உண்டு, தானாகவே தெளிந்தவர்களும் உண்டு. சோட்டாணிக்கரைக்குப் போக உங்களுக்கு மனசிருந்தால் போகலாம், நானும் வருகிறேன். ஆனால் மாத்திரையை ஒருவேளையும் விட வேண்டாம். பழைய ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்