மலையடிவார வேலியில் மான் தடத்தைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு மற்றும் மலையடிவாரக் குடியிருப்புப் பொதுமக்கள்

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்

நாள்: 19.05.2025

பொருள்: கம்பிவலை வேலியால் புள்ளிமான்கள் வழிதவறி இறப்பது – பழைய தடத்தில் எட்டடி வழிவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் மனுக்கள், நாள் 10.02.2025 மற்றும் 07.04.2025 (இரண்டுக்கும் பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மலையும் ஏரியும் தாங்கள் அறிந்தவை. மரக்கன்று நடும் விழாவுக்கு வந்தபோது ஏரிக்கரையில் நின்று மான் கூட்டத்தைப் பார்த்தீர்கள். ஆகவே இடத்தை விவரிக்கவில்லை.

1. தை மாதம் காப்புக்காட்டு எல்லையில் வேலி போடப்பட்டது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. நிலக்கடலை பயிரிடுவோர் கேட்டதும் அதைத்தான்.

2. மான்கள் அந்தியில் புளியமரத்துப் பாறை வழியாக இறங்கி, ஓடையோரமாக வந்து, மதகடிப் பள்ளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு விடியுமுன் ஏறிவிடும். எங்கள் தாத்தாக்கள் பார்த்த தடம் அது. எந்த இலந்தைப் புதரில் பதுங்கலாம், நாய் துரத்தினால் எந்தப் பாறை இடுக்கில் ஏறலாம் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. தாயின் பின்னால் நடந்தே குட்டியும் பழகிக்கொள்ளும். இப்போது வேலி குறுக்கே நிற்கிறது. தாகம் தாங்காமல் வேலியை ஒட்டியே மேற்கே போய், அது முடியும் இடத்தில் புறவழிச்சாலையில் இறங்குகின்றன. அந்தப் பக்கம் அவை முன்பு வந்ததே இல்லை. எதிரே லாரி விளக்கு, நடுவே தடுப்புச்சுவர், திரும்பினால் கோழிக்கடைக் கழிவைத் தின்று வளர்ந்த நாய்கள்.

3. வலது காது கிழிந்த பெண்மான் ஒன்று இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைத் தெரியும். ஓடைக்குள் நான்கு நாய்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு அது பாறையேறியதை நாங்களே பார்த்திருக்கிறோம். சென்ற மாதம் அதே மான் சாலைப் பக்கமாக ஊருக்குள் புகுந்து, எங்கள் தெருவின் முட்டுச்சந்தில் சுவரில் மோதி மோதி விழுந்தது. துரத்தியவை இரண்டே நாய்கள். வயிற்றில் குட்டி இருந்தது. காலையில் வந்த ஊழியர்கள் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள், வேலியை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று தெருவில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை ஐயா.

4. மலைமேல் சிமெண்ட் தொட்டி கட்டப்பட்டது உண்மை. மாசி வரை லாரியில் தண்ணீர் வந்தது. இப்போது அதில் ஓணான் வெயில் காய்கிறது.

5. மான்களைப் பிடித்து வேறு காட்டில் விடப்போவதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து அது வேண்டாம். துரத்திப் பிடிக்கும் பதற்றத்திலேயே தசை சிதைந்து மான்கள் சாவதைத் தங்கள் துறை மருத்துவர்களே சொல்வார்கள். தப்பிப் பிழைத்தாலும், தண்ணீர் எங்கே, சிறுத்தை எங்கே பதுங்கும் என்று தெரியாத காட்டில் அவை எத்தனை நாள் தாங்கும்? ஐரோப்பாவில் ரோ என்ற சிறுமான்களுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். பழகிய இடத்தில் நடமாடும் மான் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையிடம் சிக்கும் ஆபத்துக் குறைவு என்று தெரிந்ததாம். கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் சென்னை நகரம். அங்கேயே புள்ளிமான்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. எங்கள் மலை அதைவிடவா மோசம்?

6. நாங்கள் கேட்பது எட்டடி. புளியமரத்துப் பாறைக்குக் கீழே, ஓடைப் புறம்போக்கில், எட்டடி. யாருடைய பட்டா நிலத்தையும் தொடவில்லை. கடலை விவசாயிகளும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் முதல் மனுவுக்கு ரசீது தந்தீர்கள், இரண்டாவதற்கு அதுவும் இல்லை. வேலி போட மூன்றே நாள் பிடித்தது. ஒரு கம்பியை வெட்ட எத்தனை மாதம் ஐயா?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளவும். கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஏரியில் மதகடியில் மட்டும்தான் தண்ணீர் கிடக்கிறது. அந்த எட்டடியை இந்த வாரமே திறந்துவிடுமாறு மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொள்கிறோம். ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், தங்கள் வனக்காப்பாளர் முன்னிலையில் நாங்களே வந்து பிரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(64 கையெழுத்துகள் இணைப்பில்)