"நிறுத்தலாமா?" என்று உங்களைக் கேட்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை

மனித நரம்பு அறுவை ஆய்வகங்களை நடத்தும் தலைமை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக இப்படியோர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நோயாளியின் கட்டிலருகே நடக்கும் சோதனையை, யாரையும் கேட்காமல், அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரத்தை டெக்னீஷியனுக்கு எழுத்தில் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள்தான் பெரும்பாலும் நம்மிடம் வருகிறார்கள். வலிப்பு மூளையின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் மின்துடிப்பைப் பதியும் மெல்லிய எலெக்ட்ரோடுகளை இறக்கி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கட்டிலிலேயே வைத்துக் கவனிக்கிறோம். வலிப்பு வந்தால்தானே அதன் ஊற்றுக்கண் தெரியும்? அதனால் மருந்தையும் குறைக்கிறார்கள். அப்படி வலிப்புக்காகக் காத்துக் கிடக்கும் நாட்களின் நடுவில்தான் மடிக்கணினி வைத்த மேசையைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போகிறேன். எலெக்ட்ரோடு வைத்தது அவர்களுடைய சிகிச்சைக்காக. ஆய்வுக்கென்று அவர்கள் தருவது தங்கள் நேரத்தை.

அந்த நேரம் எவ்வளவு அரியது என்பதை நானும் அறிவேன். தலைமுடியைவிட மெல்லிய, 40 மைக்ரான் கம்பியில் ஒற்றை நியூரானின், அதாவது ஒரே ஒரு நரம்பு செல்லின், துடிப்பு கேட்கும்போது இன்றும் எனக்குப் புல்லரிக்கும். ஒரே ஆளின் வெவ்வேறு படங்களுக்கெல்லாம் குரல் கொடுக்கும் நியூரான்கள் உண்டு என்று 2005இல் உலகுக்குத் தெரிந்ததும் இப்படிப்பட்ட கட்டில்களிலிருந்துதான். சோதனை தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் போராடுகிறேன். படம் எந்தக் கணத்தில் தோன்றியது என்பதைப் பதிவோடு பொருத்த, ஒளி உணரியைத் திரையின் மூலையில் ஒட்டுகிறேன். கட்டிலின் மோட்டாரிலிருந்தும் யாரோ செருகிவைத்த போன் சார்ஜரிலிருந்தும் வரும் இரைச்சலைத் தேடித் தேடி அணைக்கிறேன். இவ்வளவும் செய்தபின் பாதியில் நிறுத்துவது எனக்கும் வலிக்கும்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். வயதான ஓர் அம்மா. திரையில் வரும் படம் முன்பே பார்த்ததா, புதியதா என்று பொத்தானை அழுத்த வேண்டும். அன்று காலைதான் அவருக்கு ஒரு வலிப்பு வந்து போயிருந்தது. முதல் பகுதி முடிந்ததும், "போதுமாம்மா, இன்னொன்னு செய்யலாமா?" என்று கேட்டேன். "செய்யலாம் தம்பி. நீங்களும் எவ்வளவு நேரமா காத்துக்கிட்டே இருக்கீங்க" என்றார்.

இரண்டாம் பகுதியின் நடுவில் அவருடைய இடது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து நிமிண்டத் தொடங்கியது. நூல் பிரிப்பது போல, விட்டு விட்டு, ஒரே சீராக. வலது கை ஒரே பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தது. கண்கள் திரையில்தான் இருந்தன. ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. அடுத்த அறையில் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளருக்குச் செய்தி அனுப்பினேன். "இன்னும் 12 படம்தான், முடித்துவிடு" என்று பதில் வந்தது. முடித்தேன்.

மறுநாள் காலை பதிவைப் படித்த நரம்பியல் மருத்துவர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். அது வலிப்பு. சின்னது, ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த அம்மாவுக்கு அதனால் கேடு எதுவும் வரவில்லை. ஆனால் நர்ஸை அழைக்கும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, நான் அழுத்தவில்லை. நான் மேசையை நகர்த்தியபோது அவர் கேட்டது இதுதான்: "நான் சரியாச் செஞ்சேனா தம்பி?"

அதிகாரம் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நிறுத்தியிருப்பேன். என் கண்ணில் பட்டது அந்தக் கை. ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் ஆய்வுக்கான எட்டு சேனல்களை, அதாவது எட்டுக் கம்பிகளின் பதிவை மட்டும்; வலிப்பு ஓடியது அவர் திரையில் இல்லாத வேறு எலெக்ட்ரோடுகளில். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிய வழியே இல்லை என்பதுதான் என் வாதம்.

நோயாளி தானே வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். ஒப்புதல் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று. ஆனால் நாளை அவருடைய மூளையில் கத்தி வைக்கப்போகிறவரும், ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுகிறவரும் பல இடங்களில் ஒரே ஆள். அவர் மனம் கோணாமல் இருக்க வேண்டும் என்று நோயாளி நினைப்பது இயல்பு. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறையாக 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் இன்றைய வடிவம் இதை முன்பே யோசித்திருக்கிறது. ஆய்வாளரை நோயாளி சார்ந்திருக்கும் நிலை இருந்தால், அந்த உறவுக்கு வெளியே இருக்கும் தகுதியுள்ள ஒருவர் ஒப்புதல் கேட்க வேண்டும் என்கிறது. முதல் நாள் கையெழுத்துக்கு அந்தக் கவனம் தேவையென்றால் ஐந்தாம் நாள் மாலை ஏழு மணிக்கும் தேவைதான். அந்த நேரத்தில் அறையில் இருப்பது நான். டாக்டரிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள். தலை கனக்கிறது, படம் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது, வீட்டுக்குப் போக வேண்டும்.

தரவுக்காகவே கேட்டாலும் இதுதான் சரி. அந்த மாலையின் இரண்டாம் பகுதி முழுவதையும் பிறகு தூக்கி எறிந்தோம்.

ஆய்வகத்தின் இன்னொரு வேலை, அறுவையில் எடுத்த மூளைத் திசுவை உயிர் போகுமுன் ஆய்வுக்கு வாங்கி வருவது. அறுவை அரங்கின் வாசலில் குளிர்ந்த திரவக் குடுவையோடு நிற்பேன், 95 சதவீத ஆக்சிஜன் கலந்த வாயு அதில் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். திசு கைக்கு வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, ஓட வேண்டும். அங்கே அந்த அவசரம் சரி. அதே அவசரத்தைக் கட்டிலருகே கொண்டுவந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

டெக்னீஷியன்கள் தொட்டதற்கெல்லாம் நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார். அவருக்கு என் பதில்: எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மென்பொருளுக்கு இரண்டு வாரம் ஒதுக்குகிறீர்கள். வலிப்பு எப்படியெல்லாம் வரும், உதடு சப்புவதும் துணியை நிமிண்டுவதும் எதைக் காட்டும் என்று கற்றுக்கொடுக்க, வலிப்புப் பிரிவு நர்ஸ் ஒருவரோடு ஒரு நாள் உட்காரவைத்தால் போதும். அதன் பிறகும் சில நேரம் தேவையில்லாமல் நிறுத்துவோம்தான். அந்த நஷ்டத்தை ஆய்வகம் ஏற்க வேண்டும். அதுவரை வேலை நீட்டிப்பு உங்கள் கையில் இருக்கும் ஓராண்டு ஒப்பந்தக்காரர், "ஏன் நிறுத்தினாய்?" என்ற கேள்விக்குப் பயந்து 12 படங்களை முடிக்கத்தான் செய்வார்.

நெறிமுறைக் குழுவுக்கு நீங்கள் அனுப்பும் அடுத்த திருத்தத்தில் சேர்க்க ஒரு வரியை எழுதிவைத்திருக்கிறேன். சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், பொருளை மாற்றாதீர்கள்:

"நோயாளியின் அருகிலிருக்கும் ஆய்வக ஊழியர் எவரும், தம் கணிப்பின்படி, முன் அனுமதியின்றிச் சோதனையை உடனே நிறுத்தலாம். அன்றைய தினம் அதை மீண்டும் தொடங்கும்படி அவரையோ நோயாளியையோ யாரும் கேட்கக் கூடாது."

மரியாதையுடன்,
ஓர் ஆய்வக டெக்னீஷியன்